எலுமிச்சைக் கூடத்துப் பூந்தொட்டி

மாளிகை வாசலில் கழுதை வண்டி வந்து நின்றபோது பகல் பதினொரு மணி. ஆனால் நவம்பர் மாதத்தில், பீங்கான் ஊரான தெரூத்தாவில் பகல் என்பது பேச்சுக்குத்தான். விடிந்ததிலிருந்து ஒரே மூடுபனி, ஒரே சாம்பல் வெளிச்சம். கீழே தைபர் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"சூரியனே லீவு போட்டிருக்கு. நாம மட்டும் வேலைக்கு வந்திருக்கோம்," என்றபடி ஸைரா வண்டியிலிருந்து குதித்தாள்.

"வாயைக் கொஞ்சம் மூடிட்டு வா. பெரிய மனுஷர் வீடு," என்றாள் அக்கா தெல்ஃபீனா.

"பெரிய மனுஷருக்குக் காது இருக்காதா? அவரும் சிரிச்சுட்டுப் போகட்டுமே."

தெல்ஃபீனாவுக்கு முப்பத்தாறு வயது. ஊரில் இருக்கும் அத்தனை பீங்கான் பட்டறைகளிலும் முகம் வரைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயர் அவள் காதிலும் விழுந்திருந்தது, அதுதான் கொஞ்சம் தொல்லை. ஸைரா அவளைவிடப் பதினான்கு வயது சின்னவள். அதே பட்டறையில், ஒருமுறை சுட்ட மண் பாண்டங்களை வெள்ளைப் பூச்சில் முக்கி எடுக்கும் வேலை. அம்மா விஷக்காய்ச்சலில் போனபிறகு தங்கையை வளர்த்தது தெல்ஃபீனாதான். தனக்கென்று ஒரு கல்யாணம் என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமிருக்கவில்லை. வருகிற பிப்ரவரியில் ஸைராவுக்கும் மாவு மில் நெல்லோவுக்கும் கல்யாணம். அந்த ஒன்றை நல்லபடியாக முடித்துவிட்டால் போதும் என்று இருந்தாள்.

மாளிகையின் சொந்தக்காரர் ஒத்தாவியோ அவர்களை எலுமிச்சைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். குளிர்காலத்தில் எலுமிச்சை மரங்களைத் தொட்டியோடு தூக்கிவந்து வைக்கும் நீளமான கண்ணாடிக் கூடம் அது. உள்ளே ஈர மண்ணும் எலுமிச்சை இலையும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது. கதவுக்கு இடதுபுறம் ஒரு பூந்தொட்டி இருந்தது. இடுப்பு உயரம், சிங்கக் கால்கள், டால்பின் மீன் வடிவில் இரண்டு கைப்பிடிகள். உடம்பெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கொடிகள், பழக்குலைகள், பாதி பெண்ணும் பாதி பறவையுமாக விசித்திரப் பிராணிகள். நானூறு வருஷத்துக்கு முந்திய பாணியில் ஒரு இண்டு இடுக்கு விடாமல் வரைந்திருந்தார்கள். நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பக்கவாட்டில் ஒரு இளைஞனின் முகம், அவன் தோளைச் சுற்றி ஒரு நாடா. நாடாவில் 'ஒத்தாவியோ' என்று எழுதியிருந்தது.

கதவுக்கு வலதுபுறம் வெறும் தரை. அங்கே ஒரு கூடை நிறைய உடைந்த ஓடுகள் கிடந்தன.

"இது செத்துப்போன என் சம்சாரத்தோட தொட்டி. மே மாசம் தவறி விழுந்திடுச்சு. இதே மாதிரி புதுசா ஒண்ணு செஞ்சு தரணும்," என்றார் கிழவர்.

தெல்ஃபீனா உட்கார்ந்து ஓடுகளைச் சேர்த்துப் பார்த்தாள். கொடி இருந்தது, பழம் இருந்தது, 'அழகி லவுதோமியா' என்று எழுதிய நாடா முழுசாக இருந்தது. கொண்டை இருந்தது, பின்கழுத்து இருந்தது.

முகம் மட்டும் இல்லை.

"அந்த ஓட்டைக் காணோமே ஐயா. முகம் எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொன்னாத்தான் நான் வரைய முடியும்."

"மறந்துட்டேம்மா." அவர் அதைச் சொன்ன விதம் கேட்க நன்றாக இல்லை. "முகம் உன் இஷ்டம். நல்ல முகமா, உயிருள்ள முகமா போடு. ஆனா பேர் அவ பேரா இருக்கணும். இன்னொண்ணு. பழைய தொட்டியில அவ வலதுபக்கம் பாத்துக்கிட்டிருந்தா, ஜன்னல் பக்கம். அவதான் வரையறவங்ககிட்ட அப்படிப் போடச் சொன்னாளாம். அம்பது வருஷம் எனக்குப் பின்னந்தலையைத்தான் காட்டினா. இந்தத் தடவை என்னைப் பாக்கட்டும்."

திரும்பும் வழியில் ஸைரா, "கிழவருக்கு இந்த வயசுல பொண்டாட்டி முகம் பாக்க ஆசை வந்திருக்கு பாரு," என்று சிரித்தாள். தெல்ஃபீனாவும் சிரித்தாள். மாளிகையிலிருந்து தன்னைத் தேடி ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்ற பெருமையில் அன்றைக்கு அவளுக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

*

தெரூத்தாவில் முகம் வரைவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிட வேண்டும். அந்தத் தாளை வெள்ளைப் பூச்சின் மேல் ஒட்ட வைத்து, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால், துளை வழியாக இறங்கிய புள்ளிகள் முகமாக நிற்கும். பிறகு தூரிகை. சுடாத பூச்சு மாவு மாதிரி இருக்கும், வர்ணத்தைத் தொட்ட இடத்தில் குடித்துவிடும். அழிக்க முடியாது. சூளையில் கரி எரிந்து போய்விடும், பூச்சு உருகிக் கண்ணாடியாகும், கோடு மட்டும் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

வரைய முகம் வேண்டுமே. ஜன்னலோரம் தன் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஸைரா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"அப்படியே இரு, அசையாதே."

"மெல்லக் கூடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, நடப்பது புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மச்சத்தை விட்டுடாதே அக்கா. அதைப் பாத்துத்தான் நெல்லோ மயங்கி விழுந்தான்."

இடது கன்னத்தில், எலும்புக்குச் சற்றுக் கீழே மிளகு அளவில் ஒரு மச்சம். தெல்ஃபீனா அந்த இடத்தில் ஊசியை இரண்டு சுற்று சுற்றித் துளையைப் பெரிதாக்கினாள்.

முகத்தை முடித்து நாடாவில் எழுத்தைத் தொடங்கியபோது சூளைக்கார ஜெர்வாசியோ பின்னால் வந்து நின்றார். அறுபது வயது மனிதர். பட்டறையில் எவர் வேலையிலும் மூக்கை நுழைக்காதவர்.

"இது நம்ம ஸைரா இல்ல?"

"ஆமாண்ணே."

"எழுதுறது யார் பேரு?"

"கிழவரோட செத்துப்போன சம்சாரம் பேரு. அவர் அப்படித்தான் கேட்டார்."

ஜெர்வாசியோ தொப்பியைக் கழற்றினார். "உயிரோட இருக்கிற முகத்தை வரைஞ்சா அந்த முகத்தோட பேரைத்தான் எழுதுவாங்க. எங்கப்பா காலத்துலயும் அப்படித்தான். பேர் ஒருத்திக்கு, முகம் ஒருத்திக்குன்னு யாரும் பண்ணினதில்ல."

"பக்கத்துல நின்னு பாத்தாலும் கிழவருக்குக் கண்ணே தெரியாதுண்ணே. நீங்க வேற."

எழுத்து முடிந்ததும் அவர் தொட்டியைச் சூளையில் ஏற்றினார். சூளைக்கதவை மண்ணால் அடைத்து, வழக்கம்போல விரலால் சிலுவை கீறினார். அன்றைக்கு இரண்டு கீறினார்.

மூன்றாம் நாள் சூளையைப் பிரித்தார்கள். தட்டுகள், குடங்கள் எல்லாம் ஆறிச் சில்லென்று இருந்தன. பூந்தொட்டி ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது. தெல்ஃபீனா தன் வாழ்நாளில் அவ்வளவு நல்ல முகம் போட்டதில்லை. ஆசையாகக் கன்னத்தைத் தடவினாள்.

அந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.

நெருப்புச் சூடில்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கன்னத்தில் இருக்குமே, அந்தச் சூடு.

*

டிசம்பர் முதல் வாரம் தொட்டி மாளிகைக்குப் போனது. அதில் எலுமிச்சை மரத்தை நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று வண்டிக்காரன் வந்து சொன்னான். மறுநாள் காலை ஸைராவின் தலையணை நனைந்திருந்தது.

"வாயெல்லாம் மண்ணா இருக்குக்கா," என்றாள் அவள். எச்சிலில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு அவள் கிண்டல் குறைந்தது. இரண்டாம் நாள் பேச்சே குறைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்பினாள். நெல்லோ ஞாயிற்றுக்கிழமை வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கல்யாணப் பயம் போலிருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு போனான்.

தெல்ஃபீனாவுக்கு உறுத்தியது வேறு ஒன்று. ஸைரா எப்போதும் இடது பக்கத்தையே காட்டினாள். சாப்பாட்டு மேசையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தெருவில் வலப்பக்கச் சுவரை உரசிக்கொண்டே நடந்தாள். தலைத்துணியை வலப்பக்கம் தாழ இழுத்துக் கட்டியிருந்தாள். அந்தப் பக்கம் தெல்ஃபீனா வந்தால் அவளும் திரும்பிவிடுவாள்.

ஒரு நாள் மதியம், ஜன்னலுக்கு வெளியே பனி சுவர் மாதிரி நின்றபோது, தெல்ஃபீனாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னைப் பாரு ஸைரா."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நேராப் பாரு."

"முடியாதுக்கா." தங்கையின் குரல் மிகச் சின்னதாக வந்தது. "அந்தப் பக்கம் இல்ல."

"என்ன இல்ல?"

"நீ அதை வரையலியே."

தெல்ஃபீனா தலைத்துணியைப் பிடித்து விலக்கினாள்.

காயம் இல்லை. ரத்தம் இல்லை.

கண்ணும் இல்லை.

மூக்கின் நடுக்கோட்டோடு முகம் நின்றிருந்தது. அதற்கப்பால் காதுவரை வழவழவென்று வெள்ளை. முக்கி எடுத்துக் காயவைத்த பாண்டத்தின் வெள்ளை. அவள் விரல் பட்ட இடத்திலிருந்து மாவு மாதிரி கொஞ்சம் உதிர்ந்தது.

தெல்ஃபீனா கத்தவில்லை. கத்தினால் ஸைரா பயந்துவிடுவாள் என்று மட்டும் தோன்றியது. துணியை மெதுவாகப் பழையபடி கட்டிவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய், முன்கையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

*

பட்டறையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு நேராக மாளிகைக்குத்தான் போனாள். பனியில் பாதை தெரியவில்லை, எலுமிச்சை வாசத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒத்தாவியோ இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பளி. முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"பாக்குறாம்மா. நாள் முழுக்க என்னையே பாக்குறா."

"அது உங்க சம்சாரம் இல்ல. என் தங்கச்சி. நகருங்க, நான் உடைக்கப் போறேன்."

"உடைச்சா என்ன ஆகும்னு தெரியுமா?" கிழவர் கோபப்படவில்லை. எழுந்துபோய்ச் சுவரிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்துவந்தார். பழைய கல்யாணப் படம். இளவயது ஒத்தாவியோ மீசையோடு நின்றார். பக்கத்தில் வெள்ளை உடுப்பு, கையில் பூங்கொத்து, கொண்டை.

கொண்டைக்குக் கீழே வெள்ளை.

"தவறி விழல. செத்தும் என்னைப் பாக்க மாட்டேங்கிறாளேன்னு ஒரு நாள் கோபத்துல நான்தான் தள்ளிவிட்டேன். அந்த நிமிஷம் அவ முகம் எல்லா இடத்துலேருந்தும் போயிடுச்சு. படத்துலேருந்து போச்சு, என் தலைக்குள்ளேருந்தும் போச்சு. செத்தவங்களுக்கே அப்படின்னா, உயிரோட இருக்கிறவளுக்கு என்ன ஆகும்னு நீயே யோசிச்சுக்கோ."

தெல்ஃபீனாவின் கையிலிருந்த சுத்தியல் கனத்தது. "இது தெரிஞ்சுதான் உயிருள்ள முகமாப் போடச் சொன்னீங்களா?"

அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. தொட்டியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வட்டத்துக்குள் ஸைராவின் முகம் ஈரமாக இருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது தெறித்த ஈரமாகவும் இருக்கலாம். அது கண்ணின் ஓரத்தில் தொடங்கி, மச்சத்தைத் தாண்டி இறங்கியிருந்தது.

*

"பாதியை வரைஞ்சது யாரு?" என்று கேட்டார் ஜெர்வாசியோ, எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு.

"நான்தான்."

"அப்போ மிச்சப் பாதியையும் நீயே வரை. இந்தத் தடவை பேரை ஒழுங்கா எழுது."

பெரிய பாண்டம் எதையும் அந்த ஊரில் இரண்டாகத்தான் செய்வார்கள், ஒன்று சூளையில் வெடித்தால் இன்னொன்று கைகொடுக்க. இரண்டாவது தொட்டி ஒருமுறை சுட்டதோடு மூலையில் கிடந்தது. ஜெர்வாசியோவே அதை வெள்ளைப் பூச்சில் முக்கிக் காயவைத்தார்.

தெல்ஃபீனா தாளை விரித்து உட்கார்ந்தாள். ஸைராவின் வலது முகம். அந்தக் கண்ணின் ஓரம் எப்படி வளையும்? அந்தப் பக்கத்துப் புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருக்குமா, கீழேயா? வரைந்தாள், கிழித்தாள். இருபத்திரண்டு வருஷம் பார்த்த முகம், ஒரு கோடுகூட நினைவுக்கு வரவில்லை. அவள் நினைக்க நினைக்க அந்த இடத்தில் வெள்ளைதான் வந்தது. வீட்டில் ஒரு புகைப்படம் கிடையாது. நெல்லோவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான், பயந்துபோய் அவளைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஸைராவின் இடது கண்ணும் மங்கத் தொடங்கியது. இமை மயிர்கள் ஒன்றிரண்டு வெளுத்து, கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் அசையாமல் கட்டிலில் கிடந்தாள். "லவுதோமியான்னு கூப்பிடுறாங்கக்கா. போகட்டுமா?" என்று கேட்டாள்.

"போகக் கூடாது. நான் சொல்றேன்ல, போகக் கூடாது."

தெல்ஃபீனா பட்டறைக்கு ஓடினாள். பழைய ஊசித்தாள் ஆணியில் தொங்கியது. ஜோடித் தொட்டிகளுக்குப் பட்டறையில் எல்லோரும் செய்வதுதான் அது. ஒரு முகத்துக்கு ஒரே தாள், மறுபக்கத்துக்கு அதையே திருப்பிப் போட்டுத் தட்ட வேண்டியதுதான். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தன்னைத் திட்டிக்கொண்டே தாளைத் திருப்பினாள், கரிமுடிச்சால் தட்டினாள். புள்ளிகள் இறங்கின. வலப்பக்கம் பார்க்கும் முகம் எழுந்து நின்றது.

நேரமில்லை. புள்ளி இருந்த இடத்திலெல்லாம் தூரிகை போனது. கடைசியாக நாடாவில் எழுதினாள், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

'அழகி ஸைரா.'

ஜெர்வாசியோ சூளையை அடைத்தார். அன்றிலிருந்து மூன்று நாள், தெல்ஃபீனா தங்கையின் கட்டிலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியபிறகும் சொன்னாள்.

சூளையைப் பிரித்த காலையில் தொட்டி முழுசாக வெளியே வந்தது. ஜெர்வாசியோ அதைத் தரையில் இறக்கி வைத்தபோது பட்டறைக் கதவு படாரென்று திறந்தது.

"பட்டினி போட்டுக் கொல்லலாம்னு முடிவு பண்ணிட்டியா? வீட்ல ஒரு துண்டு ரொட்டி இல்ல!"

ஸைரா நின்றாள். தலைத்துணி இல்லை, செருப்பு இல்லை. இரண்டு கண், இரண்டு புருவம், இரண்டு கன்னம். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. ஜெர்வாசியோ முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். தெல்ஃபீனா ஓடிப்போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டு, தெருவே கேட்கும்படி அழுதாள்.

"ஐயே, என்ன இப்படி அழற? விடுக்கா, மூச்சு முட்டுது."

தெல்ஃபீனா அவள் இடது கன்னத்தில் முத்தமிட்டாள். பனியில் நடந்து வந்த கன்னம், சில்லென்று இருந்தது.

வலது கன்னத்தில் முத்தமிட்டாள்.

சூடாக இருந்தது. உதட்டில் லேசாக மண் ருசி ஒட்டியது.

தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். வலது கன்னத்தில், எலும்புக்குச் சற்றுக் கீழே மிளகு அளவில் ஒரு மச்சம்.

இடது கன்னத்திலும் இருந்தது.

தாளில் ஊசியை இரண்டு சுற்று சுற்றிய அந்தத் துளை.

*

ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெல்லோ மட்டும், "முன்னே ஒண்ணுதானே இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, ஸைரா முறைத்ததும், "ரெண்டு இருந்தா நல்லதுதான்," என்று சிரித்து மழுப்பினான். ஸைரா பழையபடி வாயாடினாள், பழையபடி தின்றாள், கல்யாண உடுப்புக்கு அளவு கொடுத்தாள். புதுத் தொட்டியை வீட்டு வாசலில் வைத்தார்கள். அதில் இருந்த முகம் வலதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. லவுதோமியா ஐம்பது வருஷம் பார்த்ததும் அந்தப் பக்கத்தைத்தான் என்பது தெல்ஃபீனாவுக்கு ஒரு நாள் வாசல் பெருக்கும்போது உறைத்தது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மேசையில் தங்கைக்கு இடப்பக்கமாக மட்டுமே உட்காரப் பழகிக்கொண்டாள்.

ஜனவரியில், கிறிஸ்துமஸ் காலத்தை முடித்துவைக்கும் மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு மறுநாள், ஜெர்வாசியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் வந்தார். ஸைரா அடுப்பருகே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாளிகைக் கிழவர் போயிட்டார். எலுமிச்சைக் கூடத்துல, நாற்காலியில உட்கார்ந்தபடியே. தோட்டக்காரன் காலையிலதான் பாத்திருக்கான்."

"ஐயோ பாவம்," என்றாள் ஸைரா. அவள் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "தனியா இருந்தாரே அந்த மனுஷர்."

அவள் இடது கண் கலங்கி, கன்னத்து மச்சத்தின் மேல் ஒரு சொட்டு இறங்கியது. தெல்ஃபீனா அதைத் துடைத்துவிடக் கை நீட்டினாள். அடுப்பு வெளிச்சத்துக்காக ஸைரா கொஞ்சம் திரும்பினாள்.

வலது பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது.